ஏழாம் நிமிடத்தில் நிறுத்திய ஓட்டம்

அன்பு முனிரத்தினம்,

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. தினமும் முகம் பார்க்கிறவர்களுக்குள் கடிதம் எதற்கு? நான் எழுதியதெல்லாம் பதிவேட்டில்தான். பேட்ச் எண், கூண்டில் விட்ட பூச்சி எத்தனை, விழுந்தது எத்தனை. நீ எண்ணிச் சொல்வாய், நான் எழுதுவேன்.

உன்னிடம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இப்போது நாலு பேர் கேட்கச் சொல்லப்போகிறேன். துணிச்சல் வந்துவிட்டது என்று நினைக்காதே. தனியாகச் சொன்னால் வழக்கம்போல் பாதியில் விழுங்கிவிடுவேன். அச்சில் வந்துவிட்டால் விழுங்க முடியாது. அவ்வளவுதான் காரணம்.

படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பூச்சிமருந்து கலந்து பாட்டிலில் அடைக்கிற ஒரு கம்பெனியில் பூச்சிகளை வளர்ப்பது உன் வேலை. பரிசோதனைக்கூடத்துக்குப் பின்னால் ஒரு புழுக்கமான அறை. தட்டுத்தட்டாக நெல் நாற்று, அதன்மேல் வலைக்கூண்டு, கூண்டுக்குள் புகையான். நெல்லின் தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சிப் பயிரைக் கருக்கிவிடுகிற அந்தக் கடுகளவு பூச்சியை, கவரைப்பேட்டைப் பக்கம் சொந்தமாக நெல் போட்டிருந்த நீயே நாற்று கொடுத்து வளர்த்தாய். உன் மனைவி சம்பூர்ணம் ஒருமுறை என்னிடமே சொல்லிச் சிரித்தாள்: "நெலத்துல மருந்தடிச்சி சாவடிக்கறாரு, கம்பெனில சோறு போட்டு வளக்கறாரு. இன்னா பொழப்போ, நீங்களே கேளுங்க சார்."

நான் அதே கூடத்தில் வேதியியலாளன். எம்.எஸ்ஸி. படித்தவன். ஒவ்வொரு பேட்ச் மருந்துக்கும் "சரி" என்று கையெழுத்துப் போட்டால்தான் லாரி நகரும். அந்தக் கையெழுத்து என்னுடையது.

உனக்கு ஒரு கண் இருந்தது. எந்த மருந்து பட்டது என்று பூச்சி விழுகிற விதத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாய். உடனே மயங்கி விழுந்து, அரைமணி கழித்து எழுந்து நடந்தால் ஒரு ரகம். அசையாமல் நின்று, உறிஞ்சுவதை நிறுத்தி, சருகு உதிர்வதுபோல ஒவ்வொன்றாகக் கீழே வந்தால் வேறு ரகம். நான் லேபிளை மறைத்துவைத்துச் சோதித்திருக்கிறேன். நீ தவறியது மிகக் குறைவு. அப்போதும் அதை ஒரு வித்தையாகத்தான் ரசித்தேன். ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் மதியம் கேண்டீனில், பூச்சியின் நரம்பில் என்னதான் நடக்கிறது என்று கேட்டாய். ஒரு நரம்பு முனைக்கும் அடுத்த நரம்புக்கும் நடுவில் சிறு இடைவெளி இருக்கிறது. செய்தி அந்த இடைவெளியை அசிட்டைல்கோலின் என்ற பொருளின் வடிவில் தாண்டுகிறது. எதிர்ப்பக்கத்தில் அதற்கென்று இருக்கிற ஏற்பியில் போய் அது உட்கார்ந்ததும் அந்த நரம்பு தூண்டப்படுகிறது. வேலை முடிந்ததும் ஒரு நொதி வந்து அதைச் சிதைத்து அப்புறப்படுத்துகிறது என்றேன். மருந்துகளில் புதிய ரகம் அந்த ஏற்பியையும் பழைய ரகம் அந்த நொதியையும் குறிவைக்கின்றன என்றும் சொன்னேன். இலையை மடிக்காமல் நீ யோசித்தாய்.

"அப்ப நம்ம கும்மிடிப்பூண்டி லோக்கல் மாதிரிதான் சார் இது."

"எப்படி?"

"நீங்க சொல்ற ஏற்பிதான் சீட்டு. ஆளு வந்து உக்காருவான், ஸ்டேசன் வந்தா எறங்கிப் பூடுவான். இந்த புது மருந்து இருக்குதே, அது டிக்கெட் இல்லாத ஏறி சீட்ட புடிச்சிக்கினு எழுந்துக்கவே மாட்டேங்கறான். பழைய மருந்து வேற தினுசு. அவன் சீட்டுகிட்டயே போவல. எறக்கி உடற ஆள புடிச்சி கட்டிப் போட்டுட்டான். ஏறனவனெல்லாம் உள்ளயே கெடக்கறான். பொட்டியே பேஜாராயிடுது."

நான் வகுப்பெடுத்திருந்தால் அரைமணி ஆகியிருக்கும். நீ சொன்னது சரி. புதிய மருந்து ஏற்பியில் நேராகப் போய் உட்கார்ந்துவிடும். நொதியால் அதை ஒன்றும் செய்ய முடியாது. நரம்பு ஓயாமல் துடித்து, பிறகு அடங்கிவிடும். பழைய ரகம் நொதியை முடக்கிவிடும். பூச்சியின் சொந்தச் சரக்கே ஏற்பிகளில் தேங்கி அதைக் கொன்றுவிடும்.

ஆனால் நான் அன்றைக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. பூச்சியின் ஏற்பியில் இறுகப் பிடித்துக்கொள்கிற புதிய மருந்து, மனித உடம்பின் ஏற்பியில் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பழைய மருந்து முடக்குகிற நொதியோ பூச்சிக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பூச்சிக்கு அசிட்டைல்கோலின் மைய நரம்பு மண்டலத்தில் மட்டும் தூது போகிறது. நமக்கோ தசைக்கும் அதுதான், சுரப்பிகளுக்கும் அதுதான். அது தேங்கினால் வியர்க்கும், வாயில் நீர் ஒழுகும், கண்மணி சுருங்கும், கடைசியில் மூச்சு நிற்கும். அப்படிப்பட்ட மருந்து ஒன்றையும் நாம் கலந்தோம். அதே தொட்டியில்தான். ஒன்று முடிந்ததும் தொட்டியைக் கழுவிவிட்டு மற்றது.

இனி நான் சொல்ல வந்தது.

என் கூடத்தில் இருந்த கருவியை நினைவிருக்கிறதா? மருந்தைக் கரைத்து மெல்லிய குழாய் வழியாகத் தள்ளினால் ஒவ்வொரு பொருளும் தனக்கு உரிய நிமிடத்தில் வெளியே வரும்; தாளில் ஒரு மேடு விழும். மேட்டின் அளவை வைத்து எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுவோம். புதிய மருந்தின் மேடு ஆறாம் நிமிடத்தில் வரும். பருவ நாட்களில் மாதிரிகள் குவிந்து கிடக்கும். அதனால் ஏழாம் நிமிடத்தில் ஓட்டத்தை நிறுத்திவிட்டு அடுத்த மாதிரியைப் போடலாம் என்று நான்தான் முறை எழுதினேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சுவரில் ஒட்டினேன். ஏழுக்குப் பிறகு என்ன வருகிறது என்று பார்க்க அந்த முறையில் இடமே இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு ஆறு வருடத்துக்கு முந்தைய சம்பா பருவம். புதிய மருந்தில் ஒரு பேட்ச். நீ எண்ணிக்கைச் சீட்டோடு வந்து மேசைக்கு எதிரில் நின்றாய்.

"சார், கணக்கு சரியாத்தான் இருக்குது. எல்லாம் வுழுந்துடிச்சி. வுழுந்த விதம்தான் சரியில்ல."

"விதமா? விதத்துக்குப் பதிவேட்டில் இடமில்லையே."

"புது மருந்துன்னா சும்மா நின்னுட்டு அப்பால வுழணும் சார். இதுங்க துள்ளிக்கினு மல்லாக்க வுழுந்து கால ஒதறுதுங்க. பழைய மருந்து கணக்கா. தொட்டி சரியா கழுவலியோ இன்னாவோ."

வாசலில் லாரி நின்றிருந்தது. மேலதிகாரி இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். அந்த வளாகம் முழுவதும் எப்போதும் ஒரே வாடை என்பதால் மூக்கை நம்பவும் வழியில்லை. நான் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டேன். இரண்டு மருந்தும் கடைசியில் ஒரே ஏற்பியைத்தான் தூண்டுகின்றன. ஆகவே இரண்டிலும் கால் உதறத்தான் செய்யும். கண்ணால் பார்த்துப் பிரிப்பது அறிவியல்படி சாத்தியமில்லை என்றேன். நன்றாகப் பேசினேன். என் வாழ்நாளில் அவ்வளவு தெளிவாக எதையும் நான் விளக்கியதில்லை.

"சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் கையெழுத்துப் போட்டேன்.

இதுவரை உனக்குத் தெரியும். இதற்கு மேல் தெரியாது.

அடுத்த வாரம் ஒரு சனிக்கிழமை மதியம், கூடத்தில் யாரும் இல்லாத நேரம், அந்த பேட்சில் எடுத்துவைத்திருந்த மாதிரியைக் கருவியில் போட்டேன். ஏழாம் நிமிடத்தில் நிறுத்தவில்லை. இருபத்தைந்து நிமிடம் ஓடவிட்டேன். பதினெட்டாம் நிமிடத்தில் ஒரு மேடு எழுந்தது. சிறியதுதான். ஆனால் அது பழைய மருந்தின் இடம்.

நீ சொன்னது சரி, முனிரத்தினம். நான் சொன்னது தப்பு.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இவ்வளவு சின்ன மேடு யாரை என்ன செய்துவிடும் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எனக்கு விடை தெரியாது. இன்றுவரை தெரியாது. மேலதிகாரியிடம் போய்ச் சொல்லியிருந்தால் பாட்டில்களைத் திரும்ப வரவழைத்திருக்கலாம். அவர் அறைக்கு முன்னால் வரை போனேன். கதவு சாத்தியிருந்தது. தட்டவில்லை. சரி, முறையையாவது திருத்தி எழுதினேனா? ஏழை இருபத்தைந்தாக மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து ஏழை ஏழாகவே விட்டுவிட்டேன்.

உன்னிடமாவது சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு ஆறு வருடம் நாம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். நீ எண்ணிக்கை மட்டும் சொன்னாய். விதம் சொல்வதை விட்டுவிட்டாய். கோபத்தில் விட்டாயா, இல்லை உன் கண்மேலேயே உனக்குச் சந்தேகம் வந்துவிட்டதா? இரண்டாவதாக இருந்தால் அதைச் செய்தவன் நான்.

இப்போதைய சேதி சொல்கிறேன். நான் திருநின்றவூரில் மகனுடைய ஃபிளாட்டில் இருக்கிறேன். முட்டி மடங்குவதில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் மகள் கோமதி வந்தாள். உனக்குப் பிறகு பூச்சி அறையில் கான்ட்ராக்டில் அவள்தான் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். ஒரு பை நிறையக் கத்தரிக்காயோடு வந்தாள். உட்காரவே இல்லை.

"பெரியப்பா, ஒண்ணு கேக்கறேன். சுத்தி வளைக்காம சொல்லணும். பூச்சி வுழறத பாத்து மருந்து மாறியிருக்குதுன்னு சொல்ல முடியுமா, முடியாதா?"

அது எந்தப் பூச்சி, என்ன அளவு, எவ்வளவு நேரம் கவனித்தாய் என்பதைப் பொறுத்தது என்று ஆரம்பித்தேன்.

"அதான் எங்கப்பா சொல்லும், சார்கிட்ட வழி கேட்டா ரோடு போட்ட கதைய சொல்வாருன்னு." சிரிக்காமல் சொன்னாள். "மல்லாக்க வுழுந்து ஒதறுதுங்க பெரியப்பா. ரெண்டு வாட்டி பாத்துட்டேன். மேனேஜரு மிஷினு சரின்னு சொல்லுது, மிஷின நம்பறதா ஒன்ன நம்பறதாங்கறாரு. புதன்கெழம லாரி ஏத்தறாங்க."

"உனக்கு ஏன்மா இந்த வம்பு?" என்றேன். நான் எப்போதும் கேட்கிற கேள்வி அதுதானே.

"எங்க ஊட்டுக்காரரு மூஞ்சில ஒரு துணிகூட கட்டாமதான் மருந்தடிக்கறாரு. கேட்டா, இது சாது மருந்துடி, லேபிள பாருங்கறாரு. அவுருக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் பாட்டில தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடுவேன். டாக்டரு லேபிளப் பாத்துதான ஊசி போடுவாரு? உள்ள இருக்கறத யாரு சொல்றது?"

முப்பத்திரண்டு வருடம் இந்தத் தொழிலில் இருந்தவனுக்கு அந்தக் கேள்வி தோன்றியிருக்க வேண்டும். நொதி முடங்கினால் கொடுக்க வேண்டிய மாற்று மருந்து வேறு. லேபிள் பொய் சொன்னால் டாக்டர் அதைத் தேடிப் போகும்வரை நேரம் ஓடிவிடும். இதை நான் படித்திருக்கிறேன். யோசித்ததில்லை.

பிறகு அவள் கைபேசியில் ஒரு படம் காட்டினாள். கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிற முறை. அதே ஏழு நிமிடம். கீழே என் கையெழுத்து. கருவி புதிது, மேலதிகாரி புதியவர், என் ஏழு மட்டும் அப்படியே இருக்கிறது.

"முடியும்மா. கண்ணால பாத்து சொல்ல முடியும். உங்கப்பா சொன்னாரு, நான்தான் கேக்கல" என்றேன். அவ்வளவுதான் அன்றைக்கு வாயில் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை புறப்பட்டேன். பேசின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாறினேன். சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசை எண் போட்டு ஒரு தாளில் எழுதிவைத்திருந்தேன். மீஞ்சூர் தாண்டும்போது ஒருமுறை படித்தேன். கவரைப்பேட்டையில் இறங்கி, சம்பூர்ணத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடலாமா என்று தோன்றியது உண்மை. வண்டி நின்றது. நான் எழுந்துகூட விட்டேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

வாயிற்காவலர் "யார பாக்கணும் பெருசு?" என்றார். அங்கே முப்பத்திரண்டு வருடம் வேலை செய்தவன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. மேலாளர் நல்ல மனிதர். எழுந்து நின்றார், டீ வரவழைத்தார்.

"உங்க மெத்தட்தான் சார் இன்னும் ஓடுது. இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்ததில்ல."

"அந்த முறை தப்பு" என்றேன். தாள் பையிலேயே இருந்தது. "இருபத்தைந்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள்."

"எதுக்கு சார்?"

ஆறு வருடம் நான் பயந்த கேள்வி. இல்லை, அதைவிட நெடுநாள். கோமதி கதவோரம் நின்றிருந்தாள். அவளையும் வைத்துக்கொண்டு அந்தப் பழைய பேட்சைப் பற்றிச் சொன்னேன். சனிக்கிழமை, பதினெட்டாம் நிமிடம், சட்டைப்பை, தட்டாத கதவு எல்லாம். இடையில் இரண்டு முறை நிறுத்தி டீயைக் குடித்தேன். அவர் எழுந்து கூடத்துக்குப் போனார்; நாங்களும் போனோம்.

ஆறாம் நிமிடத்தில் பெரிய மேடு வந்தது. ஏழானதும் உதவியாளரின் கை பழக்கத்தில் நிறுத்தப் போனது. மேலாளர் "இருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு திரையில் நேர்கோடுதான். பத்து, பன்னிரண்டு. கோமதி தவறாகப் பார்த்திருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். நினைத்தேன் என்ன, வேண்டிக்கொண்டேன்! அப்படியிருந்தால் என் பழைய மேடும்கூட வேறு ஏதாவது அழுக்காக இருந்திருக்கலாம் அல்லவா? பார், முனிரத்தினம், அந்த நேரத்திலும் என் புத்தி போன இடத்தை. கருவி மாறியதால் ஒரு நிமிடம் தள்ளி, பத்தொன்பதாம் நிமிடத்தில் கோடு மெல்ல எழுந்து இறங்கியது. புதிய கருவியில் இதுவரை எவரும் பார்த்திராத மேடு.

கோமதி பெருமையாக நிமிரவில்லை. மேலாளர் அங்கேயே நின்றபடி போன் எடுத்து, "அந்த லோடு போவாது, நாளைக்கு ஏத்தாதீங்க" என்றார். நான் செய்யாததை அவர் ஒரே வரியில் செய்தார்.

ஆனால் எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுத முடியவில்லை. சுவரில் இருந்ததைப் படம் எடுத்து வெளியாளிடம் காட்டினாள் என்று கோமதியைப் பூச்சி அறையிலிருந்து மாற்றிவிட்டார்கள். இப்போது பாட்டில்களுக்கு மூடி போடுகிறாள். கூண்டுகளைப் பார்க்க ஆள் போடவில்லையாம். நாற்றுத் தட்டுகள் காய்ந்து கிடக்கின்றனவாம். வெளியாள் என்றது என்னைத்தான். மேலாளருக்கு இதைப் பற்றி ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். பதில் இல்லை.

போன வாரம் கம்பெனியின் இடைவேளையில் கோமதி போன் செய்தாள்.

"இன்னா பெரியப்பா, நாஷ்டா ஆச்சா?"

"ஆச்சும்மா. என்னாலதான் உனக்கு இப்படி..."

"அய்ய, உடுங்க. மூடி போடற எடத்துல ஃபேனாவது இருக்குது." பிறகு தொடர்ந்தாள். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அப்பா சொன்னுச்சே, அந்த பழைய பேட்சு. அது எந்த ஊருக்கு போச்சி?"

எனக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமையே அனுப்புகைப் பதிவேட்டைப் பார்த்தேன். முறையாகச் செய்கிறவன் அல்லவா நான்.

"ஆர்.கே.பேட்டை பக்கம். ஒரே கடைக்கு."

"அங்க போய் பாத்தீங்களா?"

"இல்லம்மா."

அவள் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. பின்னால் இயந்திரம் ஓடத் தொடங்குகிற சத்தம் கேட்டது. "சரி பெரியப்பா, பெல் அடிச்சிட்டாங்க" என்று வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து அந்த ஊரையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருடம் கழித்துப் போய் யாரைக் கேட்பது? என்னவென்று கேட்பது? அந்தச் சம்பாவில் மருந்தடித்துவிட்டு வந்து, வேர்த்துக் கொட்டி, வாயில் நுரையோடு விழுந்தவர் யாராவது உண்டா என்றா? விழுந்திருந்தால் வெயில் என்று சொல்லியிருப்பார்கள், மாரடைப்பு என்று சொல்லியிருப்பார்கள். மருந்து என்று யாருக்குத் தோன்றும்? லேபிளில்தான் இல்லையே. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தால் எனக்கு நிம்மதி வரும். அந்த நிம்மதியை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. அதற்கு நான் தகுதியானவன்தானா என்று தெரியவில்லை.

போக வேண்டாம் என்பதற்கு என்னிடம் நல்ல காரணங்கள் இருக்கின்றன. உன்னிடம் ஏற்பிப் படம் போட்ட அன்றும் நல்ல காரணங்கள்தான் இருந்தன.

ஆகையால் இதை எழுதிவிடுகிறேன், முனிரத்தினம். திங்கட்கிழமை திருவள்ளூர் போய் அங்கிருந்து ஆர்.கே.பேட்டைக்குப் பஸ் ஏறுகிறேன். அந்தக் கடை இருந்தால் கடையில், இல்லாவிட்டால் ஊர் ஊராகக் கேட்கிறேன். அப்படி ஒரு வீடு இருந்தால் அதன் கதவைத் தட்டி, அந்த மருந்துக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டவன் நான்தான் என்று சொல்வேன். அவர்கள் என்ன சொன்னாலும் நின்று கேட்பேன். ஒரு நாளில் முடியாவிட்டால் மறுநாளும் போவேன்.

கோமதி என்னைப் பெரியப்பா என்கிறாள். அந்த முறையில்,
உன் அண்ணன்
சபாபதி